பல் வலிக்குதுன்னு சொல்லமாட்டேங்கிறான், மைதானத்துக்கும் வரமாட்டேங்கிறான்

கேள்வி: மதுரை அக்கா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

என் தம்பிக்கு 22 வயசு. டவுன் சிண்ட்ரோம். மூணு வயசுல இதயத்துல இருந்த ஓட்டையை அடைச்சு ஆபரேஷன் பண்ணினாங்க. அம்மா இல்ல. அப்பா மில்லுல வாட்ச்மேன். அவனைப் பார்த்துக்கிறது நான்தான். எட்டு வருஷமா ரேஸ்கோர்ஸ் மைதானத்துல, அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பயிற்சிக்குப் போறான். நூறு மீட்டர் ஓட்டம், நின்ன இடத்துல இருந்து நீளம் தாண்டுறது, அப்புறம் தொடர் ஓட்டத்துல மூணாவது ஆள். காலையில அஞ்சரைக்கு எனக்கு முன்னாடி எந்திரிச்சு, ஷூவை மாட்டிக்கிட்டு வாசப்படியில உட்கார்ந்திருப்பான். "அக்கா, லேட்டு"ம்பான். வாரத்துல மூணு நாள் தவறாம நடக்கிற கதை இது.

ரெண்டு மாசமா ஆள் மாறிட்டான். ஷூவைத் தொடுறதில்ல. "கிரவுண்ட் வேணாம்"ங்கிறான். வலுக்கட்டாயமா கூட்டிட்டுப் போனா ஓரமா நிக்கிறான். நூறு மீட்டரை 19 செகண்டுல முடிச்சவன் போன வாரம் 23. எடை 54-ல இருந்து 50-க்கு வந்துருச்சு. கோச் "அடம் பிடிக்கிறான், ரெண்டு நாள் விடுங்க, சரியாயிடும்"னு சொன்னார். நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்.

அப்புறம்தான் தட்டைக் கவனிச்சேன். முறுக்குன்னா உசுரு அவனுக்கு. இப்ப வாயில வச்சுட்டு வெளிய எடுத்துடுறான். இட்லியைக்கூட சாம்பார்ல ஊறவிட்டுத்தான் சாப்பிடுறான். எல்லாமே வலது பக்கந்தான் மெல்லுறான். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உட்கார்ந்து தலையணையை இடது கன்னத்துல அழுத்திக்கிட்டு இருக்கான். "வலிக்குதா?"ன்னு கேட்டா உடனே "வலிக்கல"ங்கிறான். அவனுக்கு எதுக்கும் வலிக்காது. வலிக்குதுன்னு சொன்னா ஊசி போடுவாங்கன்னு சின்ன வயசு ஆஸ்பத்திரி நாள்ல இருந்தே மனசுல பதிஞ்சுபோச்சு.

ரெண்டு பல் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் இடத்துல நாற்காலியைச் சட்டுன்னு பின்னால சாய்ச்சாங்க. பயந்து எந்திரிச்சு ஓடிட்டான். "முழு மயக்கம் குடுத்துத்தான் பார்க்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னுட்டாங்க. ரெண்டாவது இடத்துல டாக்டரைப் பார்க்கவே விடல. "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு இங்க பார்க்கிறதில்ல"ன்னு வாசல்லயே சொல்லிட்டாங்க. அவன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தான். அவனுக்குப் புரியும். அது மட்டும் யாருக்கும் புரியல.

நான் கேட்க வர்றது இதுதான். பல்லால ஒருத்தனோட ஓட்டமே கெடுமா, இல்ல நான் வேற எதையோ தவறவிடுறேனா? முழு மயக்கம் கட்டாயமா, இதய ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு அது சரிப்படுமா? மூணு வாரத்துல மாவட்டப் போட்டி இருக்கு. செலவைப் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: பயிற்சியாளர், திருச்சி

'அடம்'னு உங்க கோச் சொன்னதைப் படிச்சதும் சுருக்குன்னுச்சு. பதினாலு வருஷமா சிறப்புப் பள்ளியில விளையாட்டு ஆசிரியரா இருக்கேன். என்கிட்ட ஒரு பொண்ணு குண்டு எறியும். திடீர்னு குண்டைக் கழுத்துகிட்ட வைக்கவே விடாது, தள்ளிவிடும். "அடம்"னு டைரியில எழுதினேன், ஒரு தடவை இல்ல, ஆறு தடவை. ஒரு மாசம் கழிச்சு தாடை வீங்கினப்பதான் தெரிஞ்சது, கடைவாய்ப் பல் வேர்ல சீழ். குண்டு வைக்கிற அதே பக்கம். அந்த டைரி இன்னும் என்கிட்ட இருக்கு.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்லயே இதுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. 'ஸ்பெஷல் ஸ்மைல்ஸ்'னு பேர். 1993-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது. போட்டி நடக்கிற இடத்துலயே பல் டாக்டர்கள் உட்கார்ந்து வாயைப் பார்த்து, பல் தேய்க்கக் கத்துக்கொடுத்து, சிகிச்சை தேவையா அவசரமான்னு எழுதிக் கொடுப்பாங்க. நாற்காலி சாயாது, மிஷின் சத்தம் இருக்காது. எல்லாப் போட்டியிலயும் இருக்கும்னு சொல்ல முடியாது. உங்க மாவட்டப் பொறுப்பாளர்கிட்ட இப்பவே கேட்டு வைங்க. ஆனா அங்க பரிசோதனை மட்டுந்தான். அதுவரைக்கும் காத்திருக்காதீங்க.

பதில்: பல் மருத்துவர், திருநெல்வேலி

சகோதரி, நீங்கள் எதையும் தவறவிடவில்லை. ஒரு பக்கமாக மெல்லுவது, ஊறவைத்துச் சாப்பிடுவது, நடுராத்திரியில் கன்னத்தை அழுத்துவது, எடை குறைவது எல்லாம் பல்வலியைத்தான் காட்டுகின்றன. வாய் திறந்து சொல்லாத நோயாளியிடம் நாங்கள் தேடுவதும் இந்த அறிகுறிகளைத்தான்.

பல்லால் ஓட்டம் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடும். லண்டன் 2012 ஒலிம்பிக்ஸில் 302 வீரர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 55 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. 18 சதவீதம் பேர், தங்கள் பயிற்சியையோ ஆட்டத்தையோ வாயின் நிலை பாதித்ததாகச் சொன்னார்கள். அவர்கள் உலகத்தரமான வீரர்கள், வாய்விட்டு வலியைச் சொல்லக்கூடியவர்கள். அவர்களுக்கே அப்படியென்றால் உங்கள் தம்பியின் நான்கு விநாடியில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தூக்கம் போய், சாப்பாடு போய், நான்கு கிலோவும் போயிருக்கிறது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குச் சொத்தையைவிட ஈறுதான் முதல் எதிரி. நோய் எதிர்ப்பில் உள்ள குறையால் ஈறு நோய் இளவயதிலேயே வந்துவிடும், வேகமாகவும் போகும். பெரும்பாலும் கீழ் முன்பற்கள் முதலில் ஆடும். வாயால் மூச்சு விடுவதால் ஈறு காய்ந்து இன்னும் மோசமாகும். ஆகவே கடைவாயை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் மருத்துவரிடம், "ஈறையும் பாருங்கள், பல்லில் படிந்த காறை எடுக்க வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது இதயம். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டையும் கடைசி எக்கோ ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பல் பிடுங்கும்போதும் ஈறைச் சுத்தம் செய்யும்போதும் கிருமி இரத்தத்தில் கலக்கும். சில வகை இதயக் கோளாறுகளுக்கு அதற்கு முன்பே ஒரு வேளை ஆன்டிபயாடிக் தர வேண்டும். ஓட்டை முழுசாக அடைபட்டு, கசிவு இல்லாமல், ஆறு மாதம் தாண்டியிருந்தால் பொதுவாகத் தேவைப்படாது. அதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கழுத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்வாக இருக்கும். தலையை வேகமாகப் பின்னால் மடக்கக் கூடாது. நாற்காலியை அப்படிச் சட்டென்று சாய்த்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. பாதி சாய்வில், கழுத்துக்குச் சின்னத் தலையணை வைத்துப் பார்க்கலாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் மயக்க மருத்துவரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும்.

முழு மயக்கம் எடுத்த எடுப்பில் தேவையில்லை. நான் முதல் வருகையில் எதுவுமே செய்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனால் போதும். அடுத்த முறை கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து என் பல்லைப் பார்க்கச் சொல்வேன். மூன்றாவது முறைதான் அவர் வாய். காலையில் முதல் ஆளாக, கூட்டம் இல்லாத நேரம் கேளுங்கள். இப்படிப் பழக்கியும் முடியாதவர்களுக்கும், ஒரே நேரத்தில் பல பல்லுக்கு வேலை இருப்பவர்களுக்கும்தான் மயக்கம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் மட்டும் இந்தப் பழக்கமெல்லாம் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

கடைசியாக ஒன்று. வாய் நோய் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, 1997-ல் வந்த பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். வலி, சாப்பாடு, பேச்சு மட்டும் இல்லை. கூச்சம், எரிச்சல், மற்றவர்களோடு பழகுவது எல்லாம் அதில் வரும். உங்கள் தம்பி போன்றவர்களுக்கு வழக்கமாக வீட்டார்தான் பதில் சொல்வார்கள். வீட்டார் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை என்பது என் அனுபவம். "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கிறது. சிரிக்கும் முகம், அழும் முகம் வரைந்து கொடுத்து, சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, மைதானம் எப்படி, கூட்டாளிகள் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

பதில்: சக்கர நாற்காலி கூடைப்பந்து, சென்னை

அக்கா, என் கதை வேற, ஆனா வலி ஒண்ணுதான். பைக் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு ஒன்பது வருஷம் ஆகுது. மூத்திரப்பை இறுக்கத்துக்கு ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை சாப்பிடுறேன். அது வாயைப் பாலைவனமா ஆக்கிடும். எச்சில் இல்லாட்டி பல்லுக்குக் காவலே இல்லன்னு எனக்கு யாரும் சொல்லல. அதோட, போற மைதானத்துல எங்களுக்கு ஏத்த கழிப்பறை இருக்காதுன்னு பயந்து தண்ணியே குடிக்கமாட்டேன். வாய் காயுதுன்னு நாள் முழுக்க மிட்டாய், ஆட்டத்துக்கு நடுவுல எனர்ஜி டிரிங்க். அதுல சர்க்கரையும் இருக்கு, புளிப்பும் இருக்கு. நாலு வருஷத்துல ஈறோரமா ஏழு பல் சொத்தை.

எங்களுக்குப் பல்லு மூணாவது கை. கையுறைப் பட்டையைப் பல்லால இழுத்துத்தான் மாட்டுவோம், பாட்டில் மூடியும் அப்படித்தான். முன்பல் உடைஞ்ச அன்னைக்குத்தான் எத்தனை வேலைக்கு அதை நம்பியிருந்தேன்னு தெரிஞ்சது. வில்வித்தையில ஷீத்தல் தேவியைப் பாருங்க. ரெண்டு கையும் இல்ல. காலால வில்லைப் பிடிச்சு, தோளால நாணை இழுத்து, தாடையால அம்பை விடுறாங்க. பாரிஸ் 2024-ல கலப்புக் குழுவுல வெண்கலம். லண்டன் 2012-ல தங்கம் வாங்கின அமெரிக்கர் ஜெஃப் ஃபேப்ரி நாணையே பல்லால கடிச்சு இழுப்பார். அவங்களுக்கு ஒரு பல் ஆடினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

நான் போன கிளினிக் மாடியில. ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனாங்க. மாத்தி உட்காரவைக்கத் தெரியாம இடுப்பு உராய்ஞ்சு, பல்லைச் சரிபண்ணப் போய் புண்ணோட வந்தேன். இப்ப முதல்லயே போன் பண்ணி, தரைத்தளமான்னு கேட்டுட்டு, குஷனையும் எடுத்துட்டுத்தான் போறேன்.

பாரா விளையாட்டுல இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. பல் பிடுங்கினா சில டாக்டர்கள் வலிக்கு டிரமடால்னு ஒரு மாத்திரை எழுதுவாங்க. 2024 ஜனவரி 1-ல இருந்து போட்டி நேரத்துல அது தடை செய்யப்பட்ட மருந்து. வீக்கத்துக்குத் தர்ற ஸ்டீராய்டு மாத்திரையும் போட்டி நேரத்துல தடைதான். "நான் விளையாட்டு வீரர்"னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, சீட்டை வாங்கினதும் தடை மருந்துப் பட்டியலோட ஒத்துப் பாருங்க. மரத்துப்போக ஊசி போட்டுக்கலாம், அதுல தப்பு இல்ல.

பதில்: போச்சியா அம்மா, தூத்துக்குடி

மக்களே, எம் பொண்ணுக்கு மூளை முடக்குவாதம். பதினேழு வயசு, போச்சியா விளையாடுதா, உக்காந்துக்கிட்டே பந்தை உருட்டுத ஆட்டம். பந்தை உருட்டுத கை பிரஷ்ஷைப் பிடிக்காது. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். சைக்கிள் கைப்பிடி ரப்பர் இருக்குல்லா, அதைப் பிரஷ் காம்புல சொருகிட்டேன். இப்ப அவளே முன்பல்லைத் தேச்சுக்கிடுதா. பின்னால இருக்கத நான் தேப்பேன். அவளை எனக்கு முன்னால தரையில உக்காரவச்சு, தலையை என் நெஞ்சுல சாச்சுக்கிடுவேன். முன்னால நின்னு தேச்சா தலை பின்னால போவும், எச்சி தொண்டைக்குள்ள போயிரும். மடிச்ச துணியை ஒரு பக்கம் கடிக்கக் குடுத்துட்டு மறுபக்கம் தேய்க்கணும். பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். துப்புனா போதும், தண்ணி ஊத்திக் கொப்புளிக்க வேண்டாம்.

வலிப்புக்குச் சிரப் குடுத்தோம் பத்து வருசம். அம்புட்டும் இனிப்பு. ராத்திரி குடுத்துட்டு அப்படியே தூங்க வச்சிருவேன். அதுல போன பல்லு நாலு. முந்தி வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை போட்டப்ப ஈறு வளந்து பல்லையே மூடிட்டு. நாமளா மாத்திரையை நிறுத்தப்பிடாது, டாக்டர்ட்ட சொல்லித்தான் மாத்தினோம்.

செலவு கேட்டியே தாயி. மத்திய அரசு தேசிய அறக்கட்டளையோட 'நிராமயா' மருத்துவக் காப்பீடு எடுத்தியா? ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளையளுக்கு வருசத்துக்கு ஒரு லட்சம் வரை. அதுல பல்லுக்குன்னும் ஒரு சின்னத் தொகை தனியா உண்டு. ஊனமுற்றோர் சான்று வேணும். கையில இருந்து செலவழிச்சிட்டுப் பெறவு ரசீதைக் குடுத்து வாங்கணும், அதனால ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூரப் போட்டுராத.

அந்த வாசல்ல சொன்ன வார்த்தை இருக்கே, அது எனக்கும் கிடைச்சிருக்கு. எட்டு வருசம் ஆச்சு, இன்னும் செமிக்கல.

மறுபடியும்: மதுரை அக்கா

ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன். எல்லாருக்கும் தனித்தனியா நன்றி சொல்லணும்.

டாக்டர் சொன்ன மாதிரி அன்னைக்கு ராத்திரியே காலண்டர் பின்பக்கத்துல சிரிக்கிற முகம், அழுற முகம், நடுவுல ரெண்டும் இல்லாத ஒரு முகம் வரைஞ்சேன். சாப்பாடுன்னு கேட்டேன், நடு முகத்தைத் தொட்டான். தூக்கம், அதுவும் நடு முகம். கிரவுண்டுன்னு கேட்டேன், சிரிக்கிற முகம். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் தொடர் ஓட்டத்துல இருக்கிற மத்த மூணு பேர் பேரையும் ஒவ்வொண்ணாச் சொன்னேன். ரெண்டாவதா ஓடுற பையன் பேரைச் சொன்னதும் அழுற முகத்துல விரலை வச்சு அழுத்தினான். எடுக்கவே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளங்கையால வாயை மூடிக்கிட்டு, "நாத்தம்"னான்.

அந்தப் பையன்தான் இவன் கையில குச்சியைக் குடுக்கிறவன். ரெண்டு மாசம் முன்னாடி மூக்கைப் பொத்திக்கிட்டு, "வாய் நாறுது, தள்ளி நில்லு"ன்னு சொல்லியிருக்கான். அவனும் நம்ம பிள்ளைதான், மனசுல பட்டதைச் சொல்லிட்டான். அன்னையில இருந்து இவன் பக்கத்துல போகாம ஓரமா நிக்கிறான். நானும் கோச்சும் வலியையும் அடத்தையும் பத்தி மாறி மாறிப் பேசிக்கிட்டிருந்தோம். அவன்கிட்ட யாருமே கேட்கல. நானும் கேட்கல. தினமும் அவன் கன்னத்தோட கன்னம் வச்சுப் படுக்கிறவ நான், எனக்கு அந்த வாடை பழகிப்போச்சு.

அரசு ஆஸ்பத்திரிக்கே போனோம். இதய டாக்டர் எக்கோ பார்த்துட்டு ஆன்டிபயாடிக் வேண்டாம்னு எழுதிக் குடுத்தார். பல் பிரிவுல இருந்த பொண்ணு டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். நான் நெனச்சதைவிடப் பொறுமை. முதல் நாள் நாற்காலியில உட்கார்ந்துட்டு வந்தான். ரெண்டாம் நாள் அவங்க பல்லை இவன் எண்ணினான், பதினொண்ணு வரைக்கும். மூணாம் நாள் எக்ஸ்ரே. இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒண்ணு வேர்வரைக்கும் போயிருந்தது. நாலாவது தடவை போனப்ப மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தாங்க. முழு மயக்கம் இல்லாமத்தான். நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவன் கத்தினான், ஆனா எந்திரிக்கல. காறை எடுக்க இன்னும் ரெண்டு நாள் ஆச்சு. டாக்டர் சொன்ன மாதிரியே கீழ் முன்பல் ரெண்டு லேசா ஆடுது. மூணு மாசத்துக்கு ஒருதடவை வரச் சொல்லியிருக்காங்க.

மாவட்டப் போட்டிக்குப் போகல. பல் எடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு வருத்தந்தான், இல்லன்னு சொல்லமாட்டேன்.

கோச்சைக் குறை சொல்ல மனசு வரல. நான் விஷயத்தைச் சொன்னதும் ஒண்ணும் பேசாம போயிட்டார். மறுநாள் பயிற்சிக்கு முன்னாடி பன்னெண்டு பிள்ளைங்களையும் குழாயடியில வரிசையா நிக்கவச்சுப் பல் தேய்க்க வச்சார். இப்ப வாரம் மூணு நாளும் அது நடக்குது. ரெண்டாவதா ஓடுற பையனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துலதான் நிக்கிறாங்க. நேத்து குச்சி கை மாறினப்ப ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு, மூணாவது தடவை சரியா வந்துச்சு. எடை 52. முறுக்கு இன்னும் வலது பக்கந்தான்.

தூத்துக்குடி அக்கா, நிராமயாவுக்கு எழுதிப் போட்டாச்சு. அந்த சைக்கிள் கைப்பிடி ரப்பர் வாங்கினேன், ஓட்டை பெருசா இருக்கு, பிரஷ் உள்ள ஆடுது. நீங்க துணி சுத்திச் சொருகினீங்களா, இல்ல சின்னப் பிள்ளைங்க சைக்கிளோடதா?

பதில்: போச்சியா அம்மா, தூத்துக்குடி

மூணு சக்கரச் சின்ன சைக்கிளோடது வாங்கு தாயி. சுடுதண்ணியில ரெண்டு நிமிசம் போட்டுட்டு, சூடா இருக்கப்பவே சொருகு. ஆறுனதும் கிச்சுனு பிடிச்சுக்கிடும். வாரத்துக்கு ஒருக்கா கழத்திக் கழுவணும், உள்ள அழுக்கு சேந்துரும்.